எல்லை தாண்டியும் விடாத அரசு: நிகராகுவாவை விட்டு வெளியேறிய மனித உரிமைச் செயற்பாட்டாளர்கள்

2023 பிப்ரவரி 9 அதிகாலையில் மத்திய அமெரிக்க நாடான நிகராகுவாவின் சிறைகளிலிருந்து 222 அரசியல் கைதிகளை எழுப்பிப் பேருந்துகளில் ஏற்றினார்கள். எங்கே போகிறோம் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. தலைநகர் மனாகுவாவின் விமான நிலையத்தில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். ‘என் விருப்பத்தின் பேரில் வெளிநாடு செல்கிறேன்’ என்பதுதான் அதில் இருந்த விஷயம். சில மணி நேரத்தில் வாஷிங்டன் அருகே டல்லஸ் விமான நிலையத்தில் இறங்கினார்கள். அதே நாளில் மனாகுவாவில் ஒரு நீதிபதி அவர்களைத் தாய்நாட்டுத் துரோகிகள் என்று அறிவித்தார். குடியுரிமையைப் பறிக்க வழிசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றமான தேசிய சபை அன்றைக்கே நிறைவேற்றியது. விமானத்தில் ஏற மறுத்த ஆயர் ரோலாண்டோ ஆல்வாரெஸுக்கு மறுநாள் 26 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

ஆறு நாள் கழித்து இன்னும் 94 பேரின் பெயர்களை வாசித்தார்கள். இவர்களில் பலர் ஏற்கெனவே நாட்டை விட்டு வெளியேறியிருந்தவர்கள். குடியுரிமை பறிபோனது, சொத்துகளைப் பறிமுதல் செய்ய உத்தரவும் வந்தது. அந்தப் பட்டியலில் வில்மா நூன்யெஸும் இருந்தார். 1979-ல் சொமோசா சர்வாதிகாரத்தின் கீழ் சிறையில் சித்திரவதைப்பட்டவர், அதே ஆண்டு அந்தச் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்த புரட்சிக்குப் பிறகு உச்ச நீதிமன்றத்தின் துணைத் தலைவராக இருந்தவர், 1990-ல் சேனித் என்ற மனித உரிமை மையத்தைத் தொடங்கியவர். பெயர் வாசிக்கப்பட்டபோது அவருக்கு 84 வயது. அவர் நாட்டுக்குள்ளேயே இருந்தார். தன் வீட்டில் இருந்தபடியே நாடற்றவர் ஆனார்.

ஒரு செயற்பாட்டாளர் பத்திரமாக வெளிநாடு போய்ச் சேர்ந்துவிட்டார் என்று செய்தி வந்தால் பலரும் பெருமூச்சு விடுகிறோம். ஆபத்து முடிந்தது, இனி அவர் தைரியமாகப் பேசலாம் என்று நினைக்கிறோம். நிகராகுவாவில் 2018-க்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால் இந்த நம்பிக்கை எவ்வளவு தவறு என்று புரியும். வெளியே போனவரை அதிபர் டேனியல் ஒர்டேகாவின் அரசு விட்டுவிடவில்லை. அவருடைய கடவுச்சீட்டு வழியாக, பிறப்புப் பதிவேடு வழியாக, ஊரில் இருக்கும் அம்மா அப்பா வழியாக அவரைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது.

2018 ஏப்ரலில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் அரசு கொண்டுவந்த மாற்றத்தில் இருந்து கதை தொடங்குகிறது. தொழிலாளர்களின் பங்களிப்பு உயரும், ஓய்வூதியத்தில் 5 சதவீதம் பிடித்தம் என்றதும் முதியவர்களும் மாணவர்களும் தெருவுக்கு வந்தார்கள். காவல்துறையும் ஆயுதம் தாங்கிய ஆளுங்கட்சி ஆதரவுக் கும்பல்களும் சுட்டன. அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை ஆணையம் பதிவு செய்த சாவுகள் 355. அந்தச் சாவுகளைக் கணக்கெடுத்த அமைப்புகள்தான் அரசின் அடுத்த குறி. அந்த ஆண்டு டிசம்பரில் சேனித்தின் சட்டப் பதிவு ரத்தானது, அலுவலகத்துக்குள் போலீஸ் புகுந்தது. அங்கே வேலை பார்த்தவர்களில் சிலர் தெற்கே எல்லை தாண்டி கோஸ்டா ரிகா போனார்கள். 2019-ல் தலைநகர் சான் ஹோசேயில் ‘நிகராகுவா நுங்கா மாஸ்’ என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். ‘இனி ஒருபோதும் வேண்டாம்’ என்பது அதன் பொருள். சேனித்தில் நெடுங்காலம் பணியாற்றிய வழக்கறிஞர் கொன்சாலோ காரியோன் அதன் முக்கிய முகங்களில் ஒருவர். அவர் பெயரும் அந்த 94 பேர் பட்டியலில் உண்டு.

அதற்குப் பிறகு நாட்டுக்குள் மிச்சமிருந்த அமைப்புகளையும் ஒவ்வொன்றாக மூடினார்கள். 2018 முதல் மூடப்பட்ட தொண்டு நிறுவனங்கள் 5,000-க்கும் மேல். 2024 ஆகஸ்டில் ஒரே நாளில் 1,500 அமைப்புகளின் பதிவு போனது. ஆக, நிகராகுவாவின் மனித உரிமை நிலவரத்தைச் சொல்ல நாட்டுக்குள் பகிரங்கமாக இயங்கும் சுதந்திர அமைப்பு என்று ஏறக்குறைய எதுவும் இல்லை. அந்த வேலை முழுக்க நாடு கடந்தவர்கள் தலையில் விழுந்திருக்கிறது.

அவர்கள் அதை எப்படிச் செய்கிறார்கள்? இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஏனென்றால் பிரச்சினையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

ஒரு கிராமத்தில் இரவில் ஒருவரைப் போலீஸ் கூட்டிப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு என்றால் மையத்தின் ஆள் மறுநாள் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போவார். குடும்பத்தைப் பார்ப்பார், காவல் நிலையத்துக்குப் போய்க் கேட்பார், நீதிமன்றத்தில் மனுப் போடுவார். இப்போது சான் ஹோசேயில் இருப்பவருக்கு ஒரு குரல் செய்தி வருகிறது, கேட்டு முடித்ததும் அழிந்துவிடும் வகையில். அனுப்பியவர் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். குடும்பம் பேச மறுக்கிறது. வெளியே சொன்னால் அவரை விடமாட்டோம் என்று அதிகாரி மிரட்டியிருப்பார். 2020-ல் வந்த இணையக் குற்றச் சட்டம் ‘பொய்ச் செய்தி’ பரப்புவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. எது பொய் என்று தீர்மானிப்பது அரசு. அதனால் ஒரு புகைப்படத்தை அனுப்புவதுகூட அனுப்பியவருக்கு வழக்காகலாம்.

சரி, தகவல் வந்துவிட்டது. சரிபார்க்க வேண்டும். கைதானவரின் உறவினர் சிறை வாசலுக்கு உணவுப் பொட்டலம் கொண்டுபோகிறார். காவலர் வாங்கிக்கொண்டால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பினால் இன்னொரு சிறைக்கு அலைய வேண்டும். எந்தச் சிறையும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அது வலிந்து காணாமல் ஆக்கப்பட்ட வழக்காக மாறுகிறது. இந்தச் சின்னச் சின்ன அடையாளங்களைத் தொலைபேசி வழியாகக் கேட்டுக் கேட்டுத்தான் ஒரு பதிவு உருவாகிறது.

பதிவு உருவான பிறகு வருவது இன்னும் கடினமான கேள்வி: வெளியிடலாமா? கைது நடந்ததைப் பார்த்தவர்கள் நாலு பேர்தான் என்றால், அறிக்கையைப் படித்ததும் யார் சொன்னார்கள் என்று உள்ளூர் போலீஸுக்குப் புரிந்துவிடும். ஊரின் பெயரை நீக்கலாம், தேதியை மங்கலாக்கலாம். அப்படிச் செய்தால் ஆதாரத்தின் பலம் குறையும். வெளிநாட்டு அதிகாரி ஒருவர் இவ்வளவு பொதுவாக இருக்கிறதே என்று கேட்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொரு வழக்கிலும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பாதுகாப்பான ஊரில் உட்கார்ந்திருப்பவர் எடுக்கும் முடிவுக்கு ஆபத்தான ஊரில் இருப்பவர் விலை கொடுக்க நேரும். நாடு கடந்த செயற்பாட்டாளர்களைத் தூங்கவிடாமல் செய்வதில் இதற்கு இணையானது வேறு எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். வெளியாட்கள் இதை அதிகம் பேசுவதுமில்லை.

எந்த நாட்டில் தஞ்சம் என்பதும் வேலையின் தன்மையை மாற்றுகிறது. மாட்ரிட்டிலோ வாஷிங்டனிலோ இருப்பவருக்கு உயிர்ப் பாதுகாப்பு அதிகம். ஆனால் ஊரிலிருந்து வரும் முகங்களைப் பார்க்க முடியாது. கோஸ்டா ரிகா அப்படியில்லை. நிகராகுவாவுடன் 300 கிலோமீட்டருக்கும் அதிகமான எல்லை, அதில் காவலில்லாத காட்டுப் பாதைகள் எத்தனையோ. நேற்று எல்லை தாண்டிய விவசாயி இன்று சான் ஹோசே வந்து நேரில் வாக்குமூலம் தரலாம். சித்திரவதையை ஆவணப்படுத்த ஐநாவின் இஸ்தான்புல் நெறிமுறை என்று ஒரு வழிகாட்டி உண்டு. உடற்காயங்களையும் மனக்காயங்களையும் நிபுணர்கள் ஆராய்ந்து எழுதும் முறை அது. சிறையிலிருந்து தப்பி வந்தவர் எதிரே உட்கார்ந்தால்தான் அது ஒழுங்காக நடக்கும். அந்த வசதி கோஸ்டா ரிகாவில் கிடைக்கிறது.

அதே காட்டுப் பாதை வழியாகக் கொலையாளியும் வரலாம். 2025 ஜூன் 19 அன்று, ஓய்வுபெற்ற ராணுவ மேஜர் ரொபெர்டோ சாம்காம் சான் ஹோசேயில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அரசையும் ராணுவத்தையும் வெளிப்படையாக விமர்சித்தவர் அவர். அவரும் அந்த 94 பேரில் ஒருவர். ஜோவாவ் மால்டொனாடோ என்ற எதிர்ப்பாளர் அதே நாட்டில் 2021-லும் 2024-லும் இருமுறை சுடப்பட்டு உயிர்தப்பினார். சாம்காம் கொலையில் கோஸ்டா ரிகா அதிகாரிகள் சிலரைக் கைது செய்தார்கள். கொலைக்குப் பின்னால் மனாகுவாவின் கை இருக்கிறது என்று நாடு கடந்தவர்கள் பகிரங்கமாகக் குற்றம் சாட்டுகிறார்கள். யார் உத்தரவிட்டது என்பது நீதிமன்றத்தில் நிரூபணமாக வேண்டிய விஷயம். ஆனால் விளைவு உடனே தெரிந்தது. பலர் வீடு மாறினார்கள், சிலர் வேறு நாட்டுக்கே போனார்கள். அகதிகளாக வந்தவர்களுக்குள் அரசின் உளவாளிகளும் கலந்திருக்கிறார்கள் என்ற அச்சம் ஏற்கெனவே இருந்தது. சான் ஹோசேயின் லா மெர்செட் பூங்கா நிகராகுவாக்காரர்கள் கூடும் இடம். அங்கே புதிதாக ஒருவர் பேச்சுக் கொடுத்தால் இவரை நம்பலாமா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. சாட்சிகளைத் தேடிப் பேசவைப்பதையே வேலையாகக் கொண்டவர்களுக்கு இந்தச் சந்தேகம் பெரிய இடி.

துப்பாக்கி எல்லார் மேலும் பாய்வதில்லை. காகிதம் எல்லார் மேலும் பாய்கிறது. நிகராகுவா அரசின் திறமை முழுக்க இதில்தான் இருக்கிறது.

2022 ஜூலையில் மிஸ்கிட்டு பழங்குடியைச் சேர்ந்த வழக்கறிஞர் அனெக்ஸா கன்னிங்ஹாம் ஜெனீவாவில் ஐநா கூட்டத்துக்குப் போயிருந்தார். பழங்குடி உரிமைகளுக்கான ஐநா நிபுணர் அமைப்பின் உறுப்பினர் அவர். கூட்டம் முடிந்து ஊர் திரும்பும்போது, நிகராகுவா உங்களை உள்ளே விடாது என்று விமான நிறுவனம் சொன்னது. வழக்கு எதுவும் இல்லை, உத்தரவின் நகல் இல்லை, மேல்முறையீடு இல்லை. ஒரு வாரப் பயணத்துக்குப் பெட்டி கட்டியவர் அப்படியே நாடு கடந்தவராகிவிட்டார். இதே போல நூற்றுக்கணக்கானவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பயணிகள் பட்டியலை விமான நிறுவனங்கள் முன்கூட்டியே அரசுக்கு அனுப்ப வேண்டும் என்பதால் விமான நிலையத்தில் தள்ளுமுள்ளு, கைது, புகைப்படம் எதற்கும் இடமில்லாமல் காரியம் முடிந்துவிடுகிறது.

தூதரகங்கள் கடவுச்சீட்டைப் புதுப்பித்துத் தர மறுக்கின்றன. குடியுரிமை பறிக்கப்பட்டவர்களின் பிறப்புப் பதிவுகள் குடிமைப் பதிவேட்டிலிருந்து அழிக்கப்பட்டன. ஓய்வூதியம் நின்றது. 2023 ஆகஸ்டில் மனாகுவாவின் ஜேசுயிட் பல்கலைக்கழகத்தை அரசு பறிமுதல் செய்ததும், அங்கே படித்தவர்களுக்குப் பழைய மதிப்பெண் சான்றிதழ் வாங்குவதே பிரச்சினையாகிவிட்டது. வழக்கறிஞராக இருந்தவர் கோஸ்டா ரிகாவில் அதே தொழிலைச் செய்ய வேண்டுமென்றால் பட்டத்துக்கு அங்கீகாரம் வாங்க வேண்டும், அதற்கு மூலச் சான்றிதழ் வேண்டும், அதை மனாகுவா தராது. அப்புறம் என்ன செய்வார்? கால் சென்டரிலோ கடையிலோ வேலை பார்த்துவிட்டு இரவில் சாட்சியங்களைத் தொகுக்கிறார். அப்படி வாழ்பவர்கள் நிறையப் பேர்.

2024 செப்டம்பரில் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டில் செய்த ‘குற்றங்களுக்காகவும்’ நிகராகுவாக்காரர்கள் மீது வழக்குத் தொடர்ந்து சொத்தைப் பறிக்க வழி செய்தார்கள். 2025 மே மாதம் தேசிய சபை இன்னொரு திருத்தத்துக்குக் கை தூக்கியது: வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால், சில விலக்குகள் தவிர, நிகராகுவாக் குடியுரிமை போய்விடும். 2023-ல் நாடற்றவர்களானவர்களுக்கு ஸ்பெயின் குடியுரிமை தர முன்வந்தது. அந்த உதவியை ஏற்று நிமிர்ந்தவர்களைப் பார்த்த அரசு, வெளியே இருக்கும் மற்றவர்களுக்கு அந்தக் கதவையும் பொறியாக்கிவிட்டது.

மற்ற அரசுகளும் இந்தக் கருவிகளைப் பயன்படுத்துகின்றன. பெலாரூஸ் 2023 செப்டம்பரில் ஓர் ஆணை பிறப்பித்து, தூதரகங்கள் கடவுச்சீட்டு வழங்குவதையே நிறுத்தியது. புதுப்பிக்க வேண்டுமென்றால் நாட்டுக்குத் திரும்ப வேண்டும், திரும்பினால் கைது. ஹாங்காங் போலீஸ் 2023 முதல் வெளிநாட்டில் இருக்கும் செயற்பாட்டாளர்கள் தலைக்கு 10 லட்சம் ஹாங்காங் டாலர் வரை பரிசு அறிவித்து வருகிறது. நம்மில் ஈழத்திலிருந்து வெளியேறியவர்களுக்கும் இது அந்நியமான கதையல்ல. 2014-ல் இலங்கை அரசு 16 அமைப்புகளையும் 424 தனிநபர்களையும் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்து அரசிதழில் வெளியிட்டது. அதில் புலம்பெயர் அமைப்புகள் பல. பட்டியலில் இருப்பவர் லண்டனில் இருந்தார், டொரண்டோவில் இருந்தார். அவருடன் தொலைபேசியில் பேசினால் என்ன ஆகுமோ என்று பயந்தவர் யாழ்ப்பாணத்திலும் முல்லைத்தீவிலும் இருந்தார்.

உள்ளே இருப்பவரைப் பயமுறுத்தினால் வெளியே இருப்பவரின் வாயை அடைக்கலாம் என்பதே இந்த நடவடிக்கைகளின் பொதுக் கணக்கு. நிகராகுவாவை விசாரிக்கும் ஐநா நிபுணர் குழு, நாடு கடந்தவர்களின் உறவினர்கள் கண்காணிக்கப்படுவதையும், கைதாவதையும், அவர்களுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்படுவதையும் பதிவு செய்திருக்கிறது. ஒருவர் பேட்டி கொடுத்த மறுநாள் ஊரில் அண்ணன் வீட்டு வாசலில் போலீஸ் வண்டி நிற்கிறது. அண்ணன் போன் பண்ணி, இனி எங்களைக் கூப்பிடாதே என்கிறார். கோபத்தில் சொல்வதில்லை, பிள்ளைகளை நினைத்துச் சொல்கிறார். அம்மாவின் சாவுக்குப் போக முடியாத துக்கம் ஒரு பக்கம். தன்னால்தான் அம்மாவின் கடைசி நாட்கள் பயத்தில் கழிந்தன என்ற குற்றவுணர்வு இன்னொரு பக்கம். இந்த நிலையில் மற்றவர்களின் சித்திரவதைக் கதைகளைத் தினமும் கேட்டு எழுத வேண்டும். இவர்களுக்கு மனநல உதவி தேவை என்பதை நன்கொடையாளர்கள் பலகாலம் செலவுக் கணக்கில் கடைசி வரியாகவே வைத்திருந்தார்கள்.

இங்கே உதவி செய்பவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தற்காலிகமாக ஒதுங்கி ஓய்வெடுக்க வழி செய்யும் திட்டங்கள் உண்டு. நெதர்லாந்தில் தொடங்கிய ‘ஷெல்டர் சிட்டி’ வழக்கமாக மூன்று மாதம் தங்க இடம் தருகிறது. மிரட்டல் தணிந்ததும் ஊர் திரும்பப் போகிறவருக்கு இது அருமையான ஏற்பாடு. ஏழெட்டு ஆண்டுகள் திரும்ப முடியாதவருக்கு மூன்று மாதம் என்ன செய்யும்? 222 பேருக்கு அமெரிக்கா மனிதாபிமான அடிப்படையில் தந்த தங்கும் அனுமதியும் இரண்டே ஆண்டுகளுக்குத்தான். கோஸ்டா ரிகாவின் மக்கள்தொகை சுமார் 50 லட்சம். அந்தச் சின்ன நாட்டில் தஞ்சம் கேட்ட நிகராகுவாக்காரர்கள் 2 லட்சத்துக்கும் மேல். விண்ணப்பம் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். 2022 இறுதியில் அரசு தஞ்ச விதிகளை இறுக்கியது. கோஸ்டா ரிகாவைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பெரிய பணக்கார நாடுகள் செய்யாததை அது செய்திருக்கிறது. ஆனால் அதன் தோளில் ஏற்றிய சுமையைப் பகிர்ந்துகொள்ள மற்றவர்கள் முன்வரவில்லை.

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை முடக்கியதும் நிலைமை இன்னும் மோசமானது. நாடு கடந்த நிகராகுவா ஊடகங்களும் உரிமை அமைப்புகளும் கணிசமாக அந்தப் பணத்தை நம்பியிருந்தன. ஊரில் சந்தா கட்டவோ நன்கொடை தரவோ யாராலும் முடியாது, கொடுத்தால் சிறை. ஒரே கதவுக்கு முன்னால் நின்றவர்களுக்கு அந்தக் கதவும் மூடியது. வெளிநாட்டுப் பணத்தில் இயங்குபவர்கள் என்று மனாகுவா இவர்களைப் பழிக்கிறது. உள்நாட்டுப் பணம் வரும் வழிகளை அடைத்ததும் அதே மனாகுவாதான். நிதி தருபவர்களும் ஓராண்டுத் திட்டம், ஆறு மாத அறிக்கை என்றே யோசிக்கிறார்கள். சாட்சியங்களைப் பாதுகாப்பாகச் சேமிக்கும் சர்வருக்கு வாடகை ஒவ்வொரு மாதமும் கட்டியாக வேண்டும். வழக்குகள் நீதிமன்றம் போக இருபது ஆண்டு ஆகலாம், அதுவரை அந்தக் கோப்புகள் இருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் நடுவில் அவர்கள் சாதித்தது சாதாரணமில்லை. 2022 மார்ச்சில் ஐநா மனித உரிமைப் பேரவை அமைத்த நிபுணர் குழுவை நிகராகுவா உள்ளே விடவில்லை. அந்தக் குழுவின் அறிக்கைகள் பெரும்பாலும் நாடு கடந்தவர்களின் வாக்குமூலங்களாலும் அவர்கள் காப்பாற்றிக் கொண்டுவந்த ஆவணங்களாலும் ஆனவை. நடந்தவை மானுடத்துக்கு எதிரான குற்றங்கள் என்று கருத நியாயமான ஆதாரம் இருக்கிறது என்று 2023-ல் அது சொன்னது. 2025 ஏப்ரலில் பொறுப்பான 54 அதிகாரிகளின் பெயர்களை வெளியிட்டது. அதற்குச் சில வாரம் முன்புதான் நிகராகுவா அந்தப் பேரவையிலிருந்து விலகிக்கொண்டது. 2024 டிசம்பர் 30 அன்று அர்ஜென்டினா நீதிமன்றம் ஒன்று, கொடுங்குற்றம் எந்த நாட்டில் நடந்தாலும் விசாரிக்கலாம் என்ற உலகளாவிய நீதி வரம்பின் கீழ், அதிபர் டேனியல் ஒர்டேகாவையும் அவர் மனைவி ரொசாரியோ முரில்லோவையும் கைது செய்ய உத்தரவிட்டது. தூரத்தில் இருந்துகொண்டு உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு இவை போதுமான பதில்.

அடுத்து என்ன செய்யலாம் என்பதிலும் ஒரு தெளிவான வழி இருக்கிறது. நாடற்ற நிலையைக் குறைப்பதற்கான 1961 உடன்படிக்கையில் நிகராகுவாவே சேர்ந்த நாடுதான். அரசியல் காரணத்துக்காக யாருடைய குடியுரிமையையும் பறிக்கக் கூடாது என்கிறது அதன் 9-வது பிரிவு. மீறும் நாட்டை உடன்படிக்கையில் உள்ள வேறு எந்த நாடும் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்கிறது 14-வது பிரிவு. இதைப் பயன்படுத்துங்கள் என்று ஐநா நிபுணர் குழு மற்ற நாடுகளிடம் கேட்டிருக்கிறது. வழக்குப் போடும் நாடு நேரடியாகப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. மியான்மரின் சிறுபான்மையினரான ரோஹிங்கியாக்களுக்காக 2019 நவம்பரில் அந்நாட்டின் மீது தி ஹேக்கில் இருக்கும் அந்த நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் சின்னஞ்சிறு காம்பியா. வழக்குக்குத் தேவையான சாட்சியக் கோப்புகள் சான் ஹோசேயில் தயாராக இருக்கின்றன. காம்பியா செய்ததை நிகராகுவா விஷயத்தில் செய்ய ஒரே ஒரு நாடு முன்வந்தால் போதும்.